குசிநகரில் சித்தி கேட்ட கேள்வி

போன மார்கழியில் நாம் எல்லோருமாக விமானம் ஏறிக் குசிநகர்வரை போய்வந்தோமே, அப்போது உங்களில் சிலர் என்னிடம் கேட்டீர்கள், "நீங்க சின்ன வயசுலயே இங்கெல்லாம் வந்திருக்கீங்களாமே, அப்ப எப்படி இருந்துச்சு?" என்று. ரொம்பக் குளிராக இருந்தது என்று சொல்லி முடித்துக்கொண்டேன். முழங்காலுக்குப் பட்டை கட்டிக்கொண்டு, சர்க்கரை மாத்திரை எங்கே என்று பையைத் துழாவிக்கொண்டு வரிசையில் நிற்கிறவர்களிடம் சொல்லி முடிகிற விஷயமா அது? இப்போது உட்கார்ந்திருக்கிறோம். மழையும் பிடித்துக்கொண்டது. இந்த வைட்ஃபீல்ட் சாலையில் இனி ஒரு டாக்ஸியும் சீக்கிரத்தில் வராது. சொல்கிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயதிருக்கும். ரிச்சர்ட்ஸ் டவுனுக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒன்றையொன்று ஒட்டிக் கட்டிய ஓட்டு வீடுகளில் ஒன்றில் இருந்தோம். ஒரு பக்கத்து வீட்டில் சர்ச்சில் ஆர்கன் வாசிக்கும் டீச்சரம்மா. மறுபக்கத்தில் ஆடு வளர்க்கும் உருதுக்கார அம்மாள். அந்த ஆடுகள் எங்கள் கொடியில் காயும் துணியைத் தின்ன வரும். "ஜாவ்! ஜாவ்!" என்று குச்சியோடு அந்த அம்மாள் ஓடி வருவார். உருதிலும் இந்தியிலுமாகச் சேர்த்து எனக்குத் தெரிந்தது அந்த ஒரே வார்த்தைதான். ஜாவ் என்றால் போ.

அப்பா கோலார் தங்கவயலில் பிறந்தவர். சுரங்கத்துக்குள் இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு பெங்களூருக்கு வந்து ஒரு ஃபாக்டரியில் ஃபிட்டராகச் சேர்ந்தார். அவரைப் போல அங்கிருந்து வந்த குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். புத்தர் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றிப் பஞ்சசீலம் சொல்லி முடித்ததும் அப்பா பேச ஆரம்பிப்பார். சாதி இல்லை, சாத்திரம் இல்லை, ஆணும் பெண்ணும் சமம். பேசிவிட்டு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே, "தண்ணி எங்கே?" என்று அம்மாவை அதட்டுவார். கெட்ட மனிதர் இல்லை. தான் நல்லவர் என்பதில் அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை இருந்தது, அவ்வளவுதான்.

அந்தக் கூட்டத்தில்தான் வடக்கே போகும் பேச்சு எழுந்தது. சாரநாத், புத்தகயா, குசிநகர், முடிந்தால் லும்பினி. அம்மாதான் வருவதாக இருந்தது. ஆனால் தம்பி பிறந்து இன்னும் தலை நிற்கவில்லை. "அடுத்த தடவை நீ போய்க்கலாம்" என்றார் அப்பா. அந்த அடுத்த தடவை வரவே இல்லை. சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் புத்தகயாக் கோபுரத்தைப் பார்த்தபடியே அம்மா போய்ச் சேர்ந்தாள். அந்தப் பயணத்தில் அவளுடைய இடத்தில், என்னைப் பார்த்துக்கொள்வதற்காக, சித்தி வந்தாள்.

சித்தி அம்மாவின் தங்கை. தங்கவயலிலிருந்து வந்து எங்களோடு இருந்தாள், வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பாள். நல்ல உயரம். எங்கள் நிலைப்படியில் குனிந்துதான் நுழைய வேண்டும். சந்துப் பையன்கள் அவளுக்கு வைத்த பெயர் ஒட்டடைக்கம்பு. பெண் பார்க்க வருகிறவர்கள் அவள் உட்கார்ந்திருக்கும்வரை சிரித்துப் பேசுவார்கள். காபித் தட்டோடு எழுந்து நின்றதும் மாப்பிள்ளையின் அம்மா மாப்பிள்ளையைப் பார்ப்பார். அதற்கப்புறம் சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். இப்படியே பல இடம் தட்டிப்போன பிறகு, சித்தி கழுத்தைத் தாழ்த்தித் தோளைக் குறுக்கி நடக்கப் பழகிக்கொண்டாள். தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது மட்டும்தான் அவள் முகத்தில் நிம்மதி இருக்கும்.

எங்களோடு வந்தவர்களில் வாத்தியார் ஒருவர். கண்டோன்மென்ட் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இந்தி சொல்லிக்கொடுத்தார். மனைவி பிரசவத்தில் இறந்துவிட்டாள், பிள்ளையும் தங்கவில்லை. குட்டையான மனிதர், சித்தியின் தோளுக்குத்தான் வருவார். கழுத்தைச் சுற்றி எப்போதும் ஒரு கம்பளி மஃப்ளர். வடக்கே வாயைத் திறக்க ஓர் ஆள் வேண்டாமா என்று அப்பாதான் அவரை வற்புறுத்திச் சேர்த்துக்கொண்டார்.

கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் ஏறி, மெட்ராஸில் வண்டி மாறி, அப்புறம் எத்தனை பகல் எத்தனை இரவு என்று எனக்கு நினைவில்லை. புளிச்சோற்று வாசனைதான் நினைவிருக்கிறது. அதோடு என் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, யாருக்கும் தெரியாமல் துணிமூட்டைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு வந்த கருவாட்டின் வாசனை. புண்ணிய யாத்திரைக்குக் கருவாடா என்று அப்பா கத்தினார். "புத்தரு இன்னா, என் கருவாட்டைப் பார்த்துகினா இருக்காரு?" என்றார் அத்தை. பெட்டி முழுக்கச் சிரித்தது. "பெங்களூர்க் குளிரைப் பார்த்தவங்க நாம, வடக்குக் குளிரு நம்மள ஒண்ணும் பண்ணாது" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்த அப்பாதான், காசி ஸ்டேஷன் வாசலில் முதல் ஆளாகக் குரங்குக் குல்லா வாங்கி மாட்டிக்கொண்டார்.

சாரநாத்தில் அந்தப் பெரிய ஸ்தூபத்தின் முன் நின்று, "சாமி எங்கடா தம்பி? வெறும் செங்கல்லா இருக்கு" என்று அத்தை கேட்டார். அப்பா அதற்கு ஒரு சொற்பொழிவே ஆற்றினார். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. நான் டீ குடித்த மண்குவளையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன். டீயைக் குடித்துவிட்டு எல்லோரும் குவளையைத் தரையில் போட்டு உடைத்தார்கள். எனக்கு மனது வரவில்லை. உதட்டில் வைத்தால் நனைந்த மண் வாசனை வரும். அதை அப்பாவின் காலுறைக்குள் சுற்றி வைத்து, ஊர்வரை காப்பாற்றிக்கொண்டு வந்தேன். கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கும் அவசரத்தில் பெட்டி விழுந்து, உள்ளேயே தூளாகிப் போயிருந்தது.

வாத்தியாருடைய இந்தி புத்தகத்து இந்தி. ரிக்‌ஷாக்காரனிடம் அவர் மரியாதையாக ஏதோ கேட்டால் அவன் ஒன்றுக்கு இரண்டு தடவை திருப்பிக் கேட்டுவிட்டு, ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கிறது என்று பக்கத்தில் இருப்பவனிடம் சொல்லிச் சிரிப்பான். நம் ஆட்களும் சேர்ந்து சிரிப்பார்கள். வாத்தியாரின் காது சிவந்துவிடும். சித்தி மட்டும் சிரிக்க மாட்டாள். உயரத்தை வைத்து ஊர் சிரித்துப் பார்த்தவள் இல்லையா, வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். அதை அவர் கவனித்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

புத்தகயாவில் போதிமரத்தடியில் எங்கள் கூட்டம் முழுக்க அண்ணாந்துகொண்டு நின்றது. மரத்திலிருந்து பறிக்கக் கூடாது, தானாக விழும் இலையை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஓர் இலை சுழன்று சுழன்று வந்து சித்தியின் தலையில் உட்கார்ந்தது. எல்லோரையும்விட அவள் தலைதானே மரத்துக்குப் பக்கத்தில் இருந்தது! அவளுக்கு அது தெரியவில்லை. எடுத்துக் கொடுக்கலாம் என்று வாத்தியார் கையை நீட்டினார், எட்டவில்லை. சித்தி புரிந்துகொண்டு தலையைக் குனிந்து கொடுத்தாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அத்தை மட்டும் சிரிக்காமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த இலையைச் சித்தி எனக்குத்தான் கொடுத்தாள். பாடப்புத்தகத்தில் வைத்து, பச்சையெல்லாம் உதிர்ந்து வெறும் நரம்பு வலையாகும்வரை வைத்திருந்தேன். பிறகு எந்த வீடு மாற்றியபோது தொலைந்ததோ.

குசிநகருக்குப் போனபோது மூடுபனி. முன்னால் போகிறவர் முதுகு தெரியாது. கடுகு வயலின் மஞ்சள் மட்டும் பனிக்குள் கலங்கலாகத் தெரியும். புத்தர் உயிர்விட்ட இடம் அது. கோயிலுக்குள் அவர் வலது கையைத் தலைக்கு வைத்து நீளமாகப் படுத்திருந்தார், மேலே பொன்னிறத் துணி. தலைப்பக்கம் நின்று பார்த்தால் சிரிக்கிற மாதிரியும், நடுவில் நின்று பார்த்தால் வலியைப் பொறுத்துக்கொள்கிற மாதிரியும், கால்மாட்டில் நின்று பார்த்தால் அயர்ந்து தூங்குகிற மாதிரியும் முகம் தெரியும் என்று அங்கிருந்தவர் சொன்னதை வாத்தியார் எங்களுக்குச் சொன்னார். நான் தலைப்பக்கத்தை விட்டு நகரவில்லை. சித்தி கால்மாட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். கூப்பிடக் கூப்பிட எழுந்து வரவில்லை.

அங்கிருந்து லும்பினிக்குப் போக வேண்டிய பஸ் பழுதாகி நின்றது. பனியும் விலகவில்லை. பர்மாக்காரர்களின் மடம் ஒன்றில் எங்களுக்கு இடம் கொடுத்தார்கள். நினைத்ததைவிடச் சில நாள்கள் கூடவே தங்கும்படி ஆயிற்று. அந்த மடத்தில்தான் நான் முதல்முறையாகப் பிக்குணிகளை, அதாவது பெண் துறவிகளைப் பார்த்தேன். மழித்த தலை, ரோஜாப்பூ நிறத்தில் அங்கி. பனிக்குள் அவர்கள் நடந்து வரும்போது பூ நடந்து வருகிற மாதிரி இருக்கும். அவர்களில் மூத்தவர் ஒருவர், ஐம்பது வயதைத் தாண்டியவர், விடிந்ததும் முற்றத்தைப் பெருக்குவார். முதல் நாள் சித்தி சும்மா நின்று பார்த்தாள். அடுத்த நாள் இன்னொரு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் நின்று பெருக்க ஆரம்பித்தாள்.

இருவருக்கும் பேச ஒரு மொழி இல்லை. ஆனாலும் வேலை நடந்தது. பெருக்கினார்கள், விளக்குகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்தார்கள், வாடிய சாமந்தியை எடுத்துவிட்டுப் புதியது வைத்தார்கள். ஒருநாள் சித்தி கூன் போட்டு நிற்பதைப் பார்த்த அந்தப் பிக்குணி அம்மா, துடைப்பக் காம்பால் அவள் முதுகில் மெல்லத் தட்டி, தன் தோளை நிமிர்த்திக் காட்டிச் சிரித்தார். சித்தி வெட்கப்பட்டாள். பிறகு நிமிர்ந்தாள். என் சித்தி அவ்வளவு உயரம் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

சாடை காட்டிச் சொல்ல முடியாததைச் சொல்ல வாத்தியாரைக் கூப்பிடுவாள். அவரும் அதற்காகவே காத்திருந்தவர் போல மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு வந்து வராந்தாவில் உட்காருவார். பிக்குணி அம்மா பேசியது காய்கறிக்காரர்களிடம் கற்றுக்கொண்ட இந்தி, வாத்தியாருடையது பாடப்புத்தக இந்தி. இரண்டும் முட்டி மோதி ஒருவழியாக விஷயம் வந்து சேரும். அந்த அம்மா சின்ன வயதிலேயே தாயை இழந்தவர், துறவிகளோடு சேர்ந்து பர்மாவிலிருந்து வந்தவர் என்றெல்லாம் அப்படித்தான் தெரிந்தது. நான் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருப்பேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலை. சித்தி விளக்கைத் துடைத்து வைத்துவிட்டுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"வாத்தியாரே, இந்த அம்மாவ ஒண்ணு கேக்கணும். கேட்டுச் சொல்றீங்களா?"

"கேளுங்களேன்."

"நான் இங்கயே இருந்துக்கலாமான்னு கேளுங்க."

வாத்தியார் சிரித்தார். "இன்னும் ரெண்டு நாளா? உங்க மாமா ஒத்துக்க மாட்டாரே."

"ரெண்டு நாள் இல்ல. எப்பவும். இவங்க மாதிரி."

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. சித்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முற்றத்துப் பனியைப் பார்த்தார். பிறகு இந்தியில் மெதுவாகக் கேட்டார். பிக்குணி அம்மா தேய்த்துக்கொண்டிருந்த விளக்கைக் கீழே வைத்தார். சாம்பல் அப்பியிருந்த இரண்டு கைகளாலும் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டார். நீளமாக ஏதோ சொன்னார். கடைசியில், ஒவ்வொரு வார்த்தையாக, "ருக் ஜாவ் பேட்டி, ருக் ஜாவ்" என்றார்.

எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. ஜாவ் என்றால் போ என்று எனக்குத் தெரியாதா? இவ்வளவு நாள் வேலை வாங்கிக்கொண்டு, ஆட்டை விரட்டுகிற மாதிரி என் சித்தியை விரட்டுகிறாரே!

வாத்தியார் மஃப்ளரை இறுக்கிக்கொண்டார். "முடியாதாம்" என்றார். "வெளியாளுங்களச் சேர்த்துக்கறது இல்லையாம். ஊருக்குப் போய் நல்லா இருன்னு சொல்றாங்க."

சித்தி தலையை ஆட்டினாள். பிக்குணி அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சித்தி கையை விடுவித்துக்கொண்டு கும்பிட்டுவிட்டு வந்துவிட்டாள். அவளுடைய பச்சை ஸ்வெட்டரின் கையில் சாம்பல் விரல்கள் பதிந்திருந்தன.

லும்பினி கிடைக்கவில்லை. நேராகத் திரும்பும் வண்டி. அதில்தான் அத்தை அப்பாவைக் கதவருகே கூப்பிட்டுப் போனார். "காலங்காத்தால ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்துகினு இன்னாடா பேச்சு? நானும் பார்த்துகினுதான் இருந்தேன். நாலு பேரு வாயில விழறதுக்குள்ள ஏதாச்சும் பண்ணு."

வேறு வீடாக இருந்தால் அடி விழுந்திருக்கும். என் அப்பா முற்போக்கானவர். நெடுநேரம் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தார். பிறகு வாத்தியாரைத் தனியாக அழைத்துப் போனார். திரும்பி வரும்போது வாத்தியாரின் கண்கள் கலங்கியிருந்தன, அப்பாவின் கை அவர் தோள் மேல் இருந்தது. பெட்டியின் நடுவில் நின்று, ஞாயிற்றுக்கிழமைக் குரலில் அப்பா அறிவித்தார். வரதட்சணை கிடையாது, ஜாதகம் கிடையாது, மனசுக்குப் பிடித்தவர்களைச் சேர்த்து வைப்பதுதான் தர்மம். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

"மாமா கண்ணுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சியா?" என்று அப்பா சித்தியின் தலையில் கை வைத்தார். "பயப்படாதே. உன் இஷ்டம்தான் எங்க இஷ்டம்."

"மாமா, நான் வந்து..." என்று ஆரம்பித்தாள் சித்தி. அத்தை காசியில் வாங்கிய பேடா ஒன்றை அவள் வாயில் திணித்தார். "வெக்கத்தைப் பாரு பொண்ணுக்கு!"

சித்தி அதை மென்று விழுங்குவதற்குள் பெட்டியில் பாட்டே ஆரம்பித்துவிட்டார்கள். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், அந்தப் பிக்குணி அம்மா கெட்டவர், சித்தியைப் போகச் சொன்னார் என்றுதான் சொல்லியிருப்பேன்.

சில மாதங்களில் கல்யாணம். புத்தர் படத்துக்கு முன்னால் மாலை மாற்றிக்கொண்டார்கள். பெண்ணை ஒரு வார்த்தை கேட்காமலேயே பெண்ணின் இஷ்டத்தை நிறைவேற்றிய பெருமையை அப்பா சாகும்வரை ஒவ்வொரு கல்யாணத்திலும் சொன்னார். "நம்ம வீட்டுல அந்தக் காலத்துலயே லவ் மேரேஜ்" என்பார்.

வாத்தியார் என் சித்தப்பா ஆனார். அவரைக் குறை சொல்ல முடியாது என்பதுதான் இதில் கஷ்டம். விடியற்காலை எழுந்து அடுப்பைப் பற்றவைத்துக் காபி போட்டு சித்திக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். சித்திக்கு டைபாய்டு வந்தபோது துணி துவைத்தார். தெருவே அவரைக் கேலி செய்தது. ஒரு நாளும் குரலை உயர்த்தியவர் இல்லை. ஒரு பையன் பிறந்தான். சித்தி மறுபடியும் கூன் போட்டு நடக்க ஆரம்பித்தாள், அவருக்குச் சமமாக இருக்கட்டும் என்று. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வடக்கே போகும் பேச்சு வந்தால் சித்தப்பா எழுந்து வெளியே போய்விடுவார். சித்தியின் எதிரில் அவர் ஒரு வார்த்தை இந்தி பேசி நான் கேட்டதில்லை.

எனக்கு வேலை கிடைத்து வெளியூர் போய்வந்துகொண்டிருந்த காலம். ஒருமுறை என்னை வண்டியேற்றிவிட சித்தப்பா கண்டோன்மென்ட் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். பிளாட்பாரத்தில் ஒரு வடநாட்டுக் குடும்பம். சின்னப் பெண் ஒன்று அம்மா கையை உதறிவிட்டுத் தண்டவாளத்தை நோக்கி ஓடியது. "ருக் ஜாவ் பேட்டி! ருக் ஜாவ்!" என்று தாய் மகளைப் பார்த்து அலறினாள். குழந்தை நின்றது.

ஓடின குழந்தை நின்றது. பிக்குணி அம்மா சொன்ன அந்த வார்த்தையை அதுவரை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

"சித்தப்பா, ருக் ஜாவ்னா என்ன அர்த்தம்?"

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "நில்லுன்னு அர்த்தம்மா" என்றார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். "இருந்துடுன்னும் சொல்லலாம்" என்றார்.

வண்டி வந்தது. என் பெட்டியை மேலே தூக்கி வைத்தார். நகரும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்கப்புறம் நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசியதே கிடையாது. சித்தியிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? பையன் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான்.

சித்தப்பா போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. நெஞ்சில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் இருந்தார், அங்கேயே போய்விட்டார். சித்தி இப்போது ஆனேக்கல்லில் பையன் வீட்டில் இருக்கிறாள். நம் பயணம் முடிவானதும், அவளையும் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்று எனக்கு ஒரே பிடிவாதம். பஸ் பிடித்து ஆனேக்கல் போனேன். ஊறவைத்த அவரைக்கொட்டையை மடியில் வைத்துப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம் அள்ளிக்கொண்டேன். எதையெதையோ பேசிவிட்டுக் கடைசியில் சொல்லிவிட்டேன்.

"சித்தி, அந்தப் பர்மா அம்மா அன்னைக்கு உன்னைப் போகச் சொல்லல. இருக்கச் சொன்னாங்க. சித்தப்பாதான் மாத்திச் சொல்லிட்டாரு."

அவள் கை நிற்கவில்லை. தோல் ஒரு பக்கமும் பருப்பு ஒரு பக்கமுமாக விழுந்துகொண்டே இருந்தது.

"தெரியும்" என்றாள்.

"எப்படித் தெரியும்? உனக்கு இந்தி தெரியாதே."

"போன்னு சொல்றவங்க யாராச்சும் கையப் புடிச்சுகினு சொல்லுவாங்களாடி?"

சித்தி இன்னொரு பிடி கொட்டையை அள்ளி மடியில் போட்டுக்கொண்டாள்.

"ஊருக்கு வந்து மாமாகிட்ட நானே கேக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள வண்டியிலயே எல்லாம் முடிஞ்சிடுச்சு. என்னால எல்லாரும் சந்தோசமா சிரிச்சுகினு இருந்ததை அன்னைக்குத்தான் பார்த்தேன். அதுவரைக்கும் என்னைப் பார்த்து சிரிச்சவங்கதான். அவரு ஒரு பக்கம் அழுதுகினு நின்னாரு. அத்தனை பேரு முன்னால, நீ பொய் சொன்னேன்னு எப்படிச் சொல்றது?"

"அப்புறமா கேட்டிருக்கலாமே."

"கேட்டிருக்கணும்." ஒரு சொத்தைக் கொட்டையை எடுத்துத் தூர எறிந்தாள். "மொதல்ல கோவம். தவிக்கட்டும்னு விட்டேன். தினம் காபியக் கொண்டாந்து குடுத்துட்டு, நான் குடிச்சு முடிக்கிற வரைக்கும் நின்னு மூஞ்சியப் பார்ப்பாரு. திட்டுவேனா திட்டுவேனான்னு. எத்தனை வருசம்! கோவம் எப்பவோ போயிடுச்சு. இன்னைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்துட்டேன். எனக்குத் தெரியும், வுடுங்கன்னு ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தா அந்த மனுசன் நல்லா தூங்கியிருப்பாரு. ஆஸ்பத்திரில கடைசியா என்னமோ சொல்ல வந்தாரு. மூச்சு வாங்குது, பேசாதீங்கன்னு நான்தான் அடக்கிட்டேன்."

அவளுடைய வாழ்க்கை போய்விட்டதே என்று நான் இத்தனை வருஷமாக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். அவளுக்கு இருந்த வருத்தமே வேறு.

"நீயும் வா சித்தி. நான் பார்த்துக்கறேன். வீல்சேர் எல்லாம் குடுக்கறாங்க."

"எனக்கு எதுக்குடி? அங்க வந்தா புத்தர் ஞாபகமா வரும்? இவரு ஞாபகம்தான் வரும்." கொட்டைகளை அப்படியே விட்டுவிட்டு என் கையைத் தொட்டாள். "நீ போறே இல்ல. படுத்திருக்கிற புத்தர்கிட்ட ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டு, எனக்குத் தெரியும்னு அவர்கிட்ட சொல்லிடு. எனக்கு அது போதும்."

குசிநகரில் நீங்கள் எல்லோரும் பஸ்ஸுக்குப் போன பிறகும் நான் வராமல் இருந்ததற்கு டிரைவர் ஹாரன் அடித்தாரே, அதற்குக் காரணம் இதுதான். இறந்தவர்கள் கேட்பார்கள் என்று எங்கள் வீட்டில் யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. அப்பா இருந்திருந்தால் மூடநம்பிக்கை என்று திட்டியிருப்பார். மெழுகுவத்தியை ஏற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "சித்திக்குத் தெரியும் சித்தப்பா. அப்பவே தெரியுமாம்" என்று சொன்னேன். குரல் பெரிதாக வந்துவிட்டது போலிருக்கிறது, பக்கத்திலிருந்த சிங்களப் பெண்மணி திரும்பிப் பார்த்து, ஏனென்று தெரியாமலே எனக்காகக் கைகூப்பினார்.

வெளியே வந்து ஆனேக்கல்லுக்குப் போன் போட்டேன். சித்திதான் எடுத்தாள்.

"சொல்லிட்டேன் சித்தி."

"இன்னா சொன்னாரு?" என்றாள்.

"ஒண்ணும் சொல்லல சித்தி."

"எப்படிச் சொல்லுவாரு?" என்றாள் சித்தி. "நான்தான பேசாதீங்கன்னு சொன்னேன்."